நாலு விரல் வெடிமருந்து

— துப்பாக்கியை இந்த மேசையில வை. ரிப்பேர் பாக்குறதுக்கு முன்னாடி, கேப்பு வெடிச்சுதா இல்லையா, அதைச் சொல்லும்மா.

— வெடிச்சுது அண்ணே. மூணு தடவை. டப்பு டப்புன்னு கேப்பு மட்டும்தான், துப்பாக்கி வெடிக்கல. காட்டுப்பன்னி என் கொழுந்தனைக் குத்திக் கிழிக்குது, என் வீட்டுக்காரர் கேப்பை மாத்தி மாத்தி விசையை இழுக்குறாரு.

— ஐயோ. பையன் பிழைச்சானா?

— ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டான். பதினோரு நாளாச்சு. இவரு சரியா சாப்பிடல, தூங்கல. 'தம்பியை நான்தான் சாகவிட்டேன்'னு அதையே சொல்லிட்டிருக்காரு. துப்பாக்கி பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு.

— பாக்காம எப்படிச் சொல்றது? உள்ள குண்டு இன்னும் இருக்கா?

— அப்படியேதான் இருக்கு. யாரும் தொடல.

— அப்ப குழல் பக்கம் நிக்காத, தள்ளி வா. ம்... கேப்பை அடிக்கிற சுத்தி நல்லாத்தான் இருக்கு. ஸ்பிரிங்கும் கெட்டி.

— கேப்பு நமுத்திருக்குமோ?

— நமுத்த கேப்பு டப்புங்காதும்மா.

— கேப்பு உக்காருற முனையில துளை இருக்குல்ல, அதுல எண்ணெய் இறங்கி...

— அடைச்சுக்கும், சளி புடிச்ச மூக்கு மாதிரி. ஊசி விட்டுப் பாக்குறேன். ம்ஹும், சர்ருன்னு போகுது.

— இன்னொரு தடவை பாருங்கண்ணே.

— எத்தனை தடவை பாத்தாலும் அதேதான். ஏம்மா, பழுது இருந்தே ஆகணும்னு வேண்டிக்கிட்டு வந்தியா?

— உள்ள துரு ஏதாவது...

— இரு, கம்பி விட்டு அளந்துடுவோம். குண்டுல முட்டிடுச்சு. இந்த இடத்துல கோடு போட்டுக்குறேன். இப்ப கம்பியை வெளிய குழலோட ஒட்டி வச்சுப் பாரு. குண்டு அடிமட்டத்துல போய் உக்காந்திருக்கு. அதுக்குக் கீழ நாலு விரல் வெடிமருந்து இருக்கணும். ஒரு சிட்டிகை கூட இல்ல.

— போதும் அண்ணே, கம்பியை எடுத்துடுங்க.

— மருந்தே போடாம குண்டைத் திணிச்சிருக்காரு உன் வீட்டுக்காரர்! இருபது வருஷமா துப்பாக்கி தூக்குற ஆளு. கூப்பிடு, மூஞ்சிக்கு நேரா கேக்குறேன்.

— வேணாம் அண்ணே.

— ஒரு உசிரு போயிருக்கு. தன்னோட மறதிதான்னு மனுசனுக்குத் தெரிய வேணாமா?

— அவரு மறக்கல. எங்க பொண்ணு செத்ததுலேர்ந்து அவருக்குக் கை நடுக்கம், மருந்து அளந்து கொட்ட வராது. திணிச்சுக் கொடுக்குறது நான்தான். வயலுக்குப் போகாம, துப்பாக்கியை மடியில போட்டுக்கிட்டு பொண்ணு போட்டோ முன்னாடியே உக்காந்திருப்பாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு. அவரு நம்புற மாதிரி, கம்பி விட்டுப் பாத்தா குண்டு தட்டணும், விசையை இழுத்தா ஆளு உசிரோட இருக்கணும்னு, நான்தான் மருந்து போடாம வச்சேன். இப்பச் சொல்லுங்கண்ணே, அவரை உள்ள கூப்பிடவா?