ரெடியா வச்சிருந்த பை

…இது வேண்டாங்கா, இது தலை வழியா மாட்டுற நைட்டி. முன்னாடி பட்டன் இருக்கணும். கழுத்துலேருந்து கீழ வரைக்கும் பட்டன். என் பொண்டாட்டிக்குக் கையில ஊசியைக் குத்தி டியூப் மாட்டிப் படுக்க வச்சிருக்காங்க, அவகிட்ட போய் இதைத் தலை வழியா மாட்டிக்கோன்னு குடுத்தா, அந்த சிஸ்டர் என்னை வாசல்லயே நிறுத்தி வைக்கும். ஏற்கெனவே என்னைக் கண்டாலே அதுக்கு ஆகல. ஏன் ஆகலன்னு கேளுங்க. எல்லாம் இந்த டப்புனால. கொஞ்சம் ஓரமா வச்சுக்கிறேன், கடைக்கு வர்றவங்க போறவங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? கொழந்தையைக் குளிப்பாட்டுற டப்புக்கா. ஸ்டிக்கர் கூடப் பிரிக்கல. பிரசவத்துக்குப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தவன் பையைக் கொண்டாராம நீலக் கலர் டப்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிறானேன்னு ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க… அப்பப்பா! பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்கன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்து விரட்டி விட்டுருச்சு.

அவசரம்தான், அவசரம் இல்லாமயா? நீங்க எடுத்துப் போடுங்க, நான் பேசிட்டே இருக்கேன். பேசாம நின்னா கண்டதையும் நெனைக்கத் தோணுது.

பை இல்லாம வந்தேன்னு நெனைக்காதீங்க. பை இருந்துச்சுக்கா! ஒரு மாசமா ரெடியா இருந்துச்சு! எங்க பெட்ரூம்ல, கதவுக்குப் பின்னாடி, மூலையில. ஊர்ல எவனாவது என்னை மாதிரி பை கட்டியிருப்பானா? நான் பார்சல் ஆபீஸ்ல புக்கிங் கிளார்க்கு. பதினோரு வருஷம். கண்ணாடி விளக்கு, மீன் தொட்டி, ஆளுயரக் கடிகாரம், என்னென்னமோ கட்டி அனுப்பியிருக்கேன். ஒண்ணு உடைஞ்சுதுன்னு ஒருத்தன் வந்ததில்ல. ஒண்ணு தப்பான ஊருக்குப் போச்சுன்னு ஒருத்தன் வந்ததில்ல. அப்படிப்பட்டவன் சொந்தப் பொண்டாட்டி பிரசவத்துக்குப் பை கட்டுறேன்னா எப்படிக் கட்டியிருப்பேன்?

ஒண்ணாம் நம்பர் கவர்ல வலி நேரத்துல போட்டுக்கிற நைட்டி ரெண்டு. ரெண்டாம் நம்பர்ல கொழந்தைக்கு. மூணாம் நம்பர்ல… அதான், அதுவும் வேணும் எனக்கு. பெருசு. ஆமா, பேடுதான், பிரசவத்துக்கு அப்புறம் வைக்கிறது. ஐய, சத்தமா கேக்காதீங்கக்கா, பின்னாடி ஆள் நிக்குது. நாலாம் நம்பர்ல சோப்பு, சீப்பு, பிரஷ், பழைய துண்டு. அஞ்சாம் நம்பர்ல வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப போட்டுக்கிற டிரெஸ். ஒவ்வொரு கவருக்கும் காத்தை வெளிய எடுத்து டேப் ஒட்டி, மேல நம்பர் எழுதி, உள்ள என்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட்டு. அதுக்கு மேல பை. பைக்கு மேல கோணி. கோணி வச்சுத் தச்சுட்டேன். தைக்காம விட்டா ஓரம் பிரியும்ல? அதைப் பாத்துட்டு அவ கேக்குறா, "என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்களா, லாரி ஷெட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"ன்னு. எகத்தாளத்துக்குக் குறைச்சலே இல்ல அவளுக்கு. வலியோட ஆட்டோல வர்றப்ப கூட டிரைவர்கிட்ட சொல்றா, "பள்ளம் பாத்துப் போங்கண்ணே, உடையிற சாமான்னு இவர் என் மேல இன்னும் லேபிள் ஒட்டல"ன்னு.

சாக்ஸ் இருக்கா? குடுங்க, ரெண்டு ஜோடி. அவளுக்கு உள்ளங்கால் சில்லுன்னு ஆயிடும். பயந்தா ஆகும். வெளிய சிரிப்பா, காலைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும். காலையில ஆட்டோல தொட்டுப் பாத்தேன்…

சரி அதை விடுங்க. அஞ்சாம் நம்பர் கவருக்குத்தான் முதல் சண்டையே. கல்யாணமான புதுசுல அவ போட்டுட்டிருந்த சிவப்பு சுடிதார், அவளுக்கு அவ்வளவு எடுப்பா இருக்கும், அதை இஸ்திரி போட்டு உள்ள வச்சேன். வீட்டுக்கு வர்றப்ப அழகா வரட்டுமேன்னு. அவ எடுத்துப் பாத்துட்டு, சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னு சிரிக்கிறா! "கொழந்தை வெளிய வந்ததும் வயிறு அன்னிக்கே உள்ள போயிடும்னு யாருங்க சொன்னா உங்களுக்கு?"ன்னு. ஏன், நீங்களும் சிரிக்கிறீங்க? எனக்கு எப்படிக்கா தெரியும்? உள்ள இருந்தது வெளிய வந்துட்டா பை சுருங்கத்தானே செய்யும்? எங்க ஆபீஸ்ல அப்படித்தான். சுருங்காதாம்! மாசக்கணக்காகுமாம்! அதனால ஏழாம் மாசத்துல போட்ட தொளதொளன்னு இருக்கிற கவுனை வச்சா. சரின்னு நானும் அதைக் கட்டுனேன்.

ரெண்டாவது சண்டை சட்டைக்கு. அதைக் கேளுங்க. என்னோட பழைய சட்டை ஒண்ணு. காலர் நைஞ்சு, பாக்கெட்ல பெரிய மசிக் கறை. அந்தக் கறைக்கு ஒரு கதை இருக்கு. அவ மொத மொதல்ல எங்க கவுண்டருக்கு ஒரு தையல் மிஷின் புக் பண்ண வந்தா. நான் அவளைப் பாத்துட்டே பேனாவை மூடாம பாக்கெட்ல சொருகிட்டேன். சீட்டைக் கிழிச்சுக் குடுக்குறேன், அவ என் நெஞ்சையே பாக்குறா. ஆஹான்னு நான் நெனைச்சா, மசி வழியுதாம்! கர்சீப்பை எடுத்து நீட்டுனா. அந்தக் கர்சீப்பைத் திருப்பிக் குடுக்கப் போய்த்தான் இந்த டப் வாங்குற வரைக்கும் வந்து நிக்கிறேன்.

அந்தச் சட்டையைக் கொண்டாந்து பையில வைக்கிறா. "பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, பெருசா இருக்கு, முன்னாடி பட்டன் இருக்கு, வலி நேரத்துக்கு இதுதான் சரி. உங்களை உள்ள விட மாட்டாங்க, இதாவது கூட இருக்கட்டும்"ங்கிறா. நான் எடுத்து வெளிய போட்டேன். பெரிய ஆஸ்பத்திரி, டாக்டர் வருவாங்க, நர்ஸு வருவாங்க, கிழிஞ்ச சட்டையோட படுத்திருந்தா புருஷன் ஒரு நைட்டி வாங்கிக் குடுக்கக் கூட வக்கில்லாதவன்னு நெனைக்க மாட்டாங்க? அவ திரும்ப வச்சா. நான் திரும்ப எடுத்தேன். நாலு தடவைக்கா! நாலு தடவை தையல் பிரிச்சு நாலு தடவை தச்சேன். கடைசியில அவ "உங்க இஷ்டம்"னு போயிட்டா. ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

என்ன கேட்டீங்க? பால் குடுக்குறப்ப போடுற உள்ளாடையா? ஆமா, சீட்டுல இருக்கு. சைஸா? சைஸ்… எனக்கு எப்படித் தெரியும்? பை எத்தனை கிலோன்னு கேளுங்க, கிராமோட சொல்றேன். ஒம்பது கிலோ முந்நூறு கிராம். அவ சைஸ் தெரியலயே. போன்ல யாரைக் கேக்குறது? மாமியார் பஸ்ல வந்துட்டிருக்காங்க, கூப்பிட்டா எடுக்கல. பிரசவ ரூம் வாசல்ல நிக்கிறது அவ தம்பி. அவன்கிட்ட போய் உங்கக்கா சைஸ் என்னடான்னா கேக்க முடியும்? வேண்டாம், பெருசா ஒண்ணு போடுங்க.

அவனைப் பத்திக் கேக்காதீங்க, வயித்தெரிச்சல். மச்சினன்தான், இருந்தாலும் சொல்றேன். பை காணாம போனதுக்கு அவன்தான் காரணம். ரெண்டு நாளா எங்க வீட்லதான் இருக்கான், துணைக்குன்னு வந்தான். எந்தப் பொருளை எடுத்தாலும் எடுத்த எடத்துல வைக்க மாட்டான். ஒரு தடவை என் ஷூவை ஃப்ரிட்ஜு மேல வச்சவன்! இன்னிக்குக் காலையில இவளுக்குப் பனிக்குடம் உடைஞ்சுருச்சு. தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு! நான் பனியனோட நிக்கிறேன். கதவைத் தள்ளிப் பாத்தா மூலை காலி. பை இல்ல, இந்த டப் மட்டும் உக்காந்திருக்கு. கட்டில் அடியில பாத்தேன், பீரோ மேல பாத்தேன். அவ மாடிப்படியில நின்னு "பை போனாப் போகுது, நீங்க வாங்க"ன்னு கத்துறா. கைக்குக் கிடைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு, வெறுங்கையோட போக மனசு வராம டப்பைத் தூக்கிட்டு ஓடுனேன்.

இங்க வந்து அவனைப் பிடிச்சு ஒரு காய்ச்சு காய்ச்சினேன். வராந்தாவுல எல்லாரும் பாக்க. "உனக்கெல்லாம் எதுக்குடா அக்கா?"ன்னு கூடக் கேட்டுட்டேன். "நான் பையைப் பாக்கவே இல்ல மாமா"ன்னு ஒரே பாட்டு. கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. கலங்கட்டும்! நான் ஒரு மாசம் கட்டுன பைக்கா!

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஒரு பைக்கு இவ்வளவான்னு. சொல்றேன் கேளுங்க. அவ உள்ள போனா அந்தக் கதவைச் சாத்திடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? வலியை வாங்கிக்க முடியுமா? டாக்டருக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா? எனக்குக் கட்டத்தான் தெரியும். ஒண்ணும் உடையாம போய்ச் சேரணும்னா எப்படிக் கட்டணும்னு தெரியும். அதைத்தான் பண்ணேன். பயமா இருக்குக்கா. நேத்து வரைக்கும் பை மூலையில இருக்குன்னு நெனைச்சா தூக்கம் வந்துச்சு.

நேத்து கூட… எங்க விட்டேன்? நேத்து கூட அதை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனேன், எடை போடத்தான். வீட்டுத் தராசை நம்ப முடியாது. பிளாட்ஃபார்ம் தராசுல வச்சேன். ஒம்பது முந்நூறு. எடை போட்டதும் கை சும்மா இருக்குமா, என் போன் நம்பரோட லேபிள் ஒட்டுனேன். ஆஸ்பத்திரியில தொலைஞ்சா திரும்பி வரணும்ல? எங்க வீட்டு அட்ரஸ் போட்டுப் பிரயோஜனமில்ல, நாங்க எல்லாரும் இங்க இருப்போம், வீடு பூட்டியிருக்கும். யோசிச்சு யோசிச்சு மாமனார் வீட்டு அட்ரஸ் எழுதுனேன். மாமியார் இங்க வந்தாலும் அவர் ஊர்லதானே இருப்பாரு, வாங்கி வைப்பாருல்ல? எப்படி என் மூளை! அப்புறம் சாயங்காலம் பையை வண்டி முன்னாடி வச்சு, வர்ற வழியில டப் வாங்கி, டப்பை வண்டி முன்னாடி வச்சு…

இருங்க.

டப்பை முன்னாடி வச்சா பை எங்க? பின்னாடியா? பின்னாடி எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட் உக்காந்து வந்தாரு, அவரை பஸ் ஸ்டாப்ல இறக்கி விட்டேன். அவர் மடியிலயா? அவர் மடியில அவர் டிபன் பாக்ஸ்தான் இருந்துச்சு. அப்ப பை… பை தராசு மேல… இல்ல, தராசுலேருந்து இறக்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு. இறக்கி, வாசல் பக்கமா… பார்சல் ஏத்துற வேன் நிக்கிற பக்கமா…

ஒரு நிமிஷம்க்கா, மெசேஜ் வந்திருக்கு. "தங்கள் பார்சல், எடை ஒம்பது கிலோ…" ஐயோ. ஐயய்யோ! "…பாதுகாப்பாகப் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை சென்றடையும்." இந்த மெசேஜ் அனுப்புற ஏற்பாட்டைப் பண்ணதே நான்தான்க்கா! லோடிங் ஆளுங்க மேல தப்பே இல்ல. கோணி தச்சிருக்கு, எடை எழுதியிருக்கு, லேபிள் ஒட்டியிருக்கு. ஏத்தாம என்ன பண்ணுவாங்க? கடவுளே, வெள்ளிக்கிழமை மாமனார் கையெழுத்துப் போட்டு வாங்குவாரு. மூணாம் நம்பர் கவரைப் பிரிப்பாரு. லிஸ்ட்டு வேற தெளிவா எழுதி வச்சிருக்கேன்!

சிரிக்காதீங்கக்கா. அந்தப் பையனைப் போய் அழ வச்சுட்டேனே… இதோ, அவனேதான் கூப்பிடுறான்.

சொல்லு மச்சான். ஆங்? உள்ள கூட்டிட்டுப் போறாங்களா? வந்துட்டேன், வந்துட்டேன், எல்லாம் வாங்கிட்டேன்… என்னது, ஒண்ணும் வேண்டாங்கிறாளா? நைட்டி வேண்டாமா? பின்ன என்னதான் வேணுமாம்? எந்தச் சட்டை? அடேய், அது பையிலயே இல்லடா. அதைத்தான் நான் வேண்டாம்னு எடுத்துக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டிட்டேனே. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள… அழறாளா? அவளா அழறா? இரு, இரு…

அக்கா, நீங்க எதுக்கு என் நெஞ்சையே பாக்குறீங்க? என்ன? பாக்கெட்டா? பாக்கெட்ல என்ன…

அட!

மச்சான், போனை வைக்காத. அவகிட்ட சொல்லு, சட்டை வந்துட்டே இருக்குன்னு சொல்லு. ஆமாடா, என் மேலதான் இருக்கு! வேர்வை நாத்தம் அடிக்கும்னு சொல்லு. பரவாயில்லங்கிறாளா? அப்புறம் மச்சான்… பையை நீ எடுக்கலடா. நான்தான். நேர்ல வந்து சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், நீ கண்ணைத் தொடைச்சுக்கோ.

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கக்கா, பட்டனைக் கழட்டணும். துண்டு எதுக்கு? ஓ, எனக்கா? குடுங்க, போத்திக்கிறேன். அந்த சிஸ்டர் இதையும் பாத்து மொறைக்கட்டும். சாக்ஸை மட்டும் இப்பக் குடுங்க, மத்ததெல்லாம் எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன். இந்த டப்பும் இங்கயே ஓரமா இருக்கட்டும்.

கும்புட்டுக் கேக்குறேன்க்கா, அது மேல லேபிள் மட்டும் ஒட்டிடாதீங்க!