ஒரு படி குறைவு

உங்கள் விசாரணை அறை நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் விமானக் கட்டுப்பாட்டு அறை நாற்காலிகள் அசைந்தாலே கிறீச்சிடும், மேலே பறக்கிற விமானி அதை ரேடியோவில் கேட்டுப் பதறிப்போய், "உங்களுக்கு ஏதாவது ஆச்சா சார்?" என்று விசாரிப்பார். போகட்டும். நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். எல்லாம் ஏணியிலிருந்து தொடங்குகிறது.

என்னிடம் பத்துப் படி வைத்த மர ஏணி ஒன்று இருந்தது. மின்விசிறி மாட்ட வேண்டும் என்று என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, இரவல் வாங்கிப் போனான். திரும்பக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு நொண்டிக்கொண்டே போனான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்பது படிதான் இருந்தது. கேட்டேன்.

"வாங்கும்போதே எண்ணிப் பாத்திருக்கணும் மாமா. ரெண்டு நாள் கழிச்சு வந்து கேட்டா நான் என்ன பண்றது?" என்றான்.

நான் கோபக்காரன் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். கட்டுப்பாட்டு அறையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. வானத்தைப் பாகம் பிரித்து, கிழக்கை எனக்கும் மேற்கை அவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். விமானம் என் பாகத்திலிருந்து அவன் பாகத்துக்குள் போகும் முன்பு, அதன் எண்ணையும் உயரத்தையும் நான் போனில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். முழங்கை இடிக்கிற தூரம்தான், ஆனாலும் போனில்தான். பேச்சு பதிவாக வேண்டும் என்பது விதி. ஏணிக்குப் பிறகு எண், உயரம் தவிர நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தும்மினால்கூட நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

சம்பவத்தன்று மதியம், ஒரு விமானம் முப்பத்து மூவாயிரம் அடியில் வருகிறது என்று அவனிடம் சொன்னேன். அது எல்லையைத் தொட நான்கு நிமிடம் இருந்தது. விமானி என்னிடம், ரொம்பக் குலுங்குகிறது, ஆயிரம் அடி இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். பாவமாக இருந்தது, அனுமதித்தேன். அப்படி அனுமதித்தால் உடனே மச்சினனுக்குத் திருத்திச் சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

விமானங்களை ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளி விட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் பறக்கவிடுகிறோம். ஆயிரம் அடி என்பது எங்களுக்கு ஒரு படி மாதிரி. அது நினைவுக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அவன் ஏணியை எப்படித் திருப்பிக் கொடுத்தானோ, அப்படியே விமானத்தை ஒரு படி குறைத்துக் கொடுத்தேன். இரண்டு படி குறைக்கவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

எதிரே, அது இறங்கிய அதே உயரத்தில் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. என் திரையிலும் தெரிந்தது, மறைக்கவில்லை. அவன் திரையில் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் உயரம் போட்டிருக்கும். வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும். அவனோ குனிந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். அபாய மணி அடித்தது. துள்ளி எழுந்து இரண்டு விமானங்களையும் வலப்பக்கம் திருப்பச் சொன்னான். குரல் நடுங்கவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். பயணிகள் ஜன்னல் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒரு குழந்தை டாட்டா காட்டியதாம்.

மணி நின்றதும் என் பக்கம் திரும்பினான். "என்ன மாமா பண்ணீங்க?" என்றான். இப்போது குரல் நடுங்கியது.

"வாங்கும்போதே பாத்திருக்கணும் மாப்ளே," என்றேன். மூன்று வாரத்தில் எங்கள் முதல் பேச்சு அதுதான். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

நான் இறக்கிவிட்ட அந்த விமானத்தில் என் மனைவி இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். காலையில் அவளே போனில் விமான எண்ணைச் சொன்னாள். எங்கள் சண்டையைத் தீர்க்கத்தான் வெளியூரிலிருந்து கிளம்பி வந்தாள். இதை நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள். அவள் இல்லாதிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும். கூடப்பிறந்த அக்காவை அவன் விட்டுவிடுவானா? அவள் அதில் வருவது அவனுக்குத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இடத்தில் யார் போய்ச் சொல்வது?

தேநீர் கொட்டிய புடவையோடு நேராக எங்கள் அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். தம்பியின் முழங்காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் படிய போன மாசம் மிதிச்சு உடைச்சதே நீங்கதானே? பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுக் குடுத்தீங்களா?"

சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கொடுக்கும்போது பத்துப் படி இருந்தது. அவன் மட்டும் ஏறாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் பத்து இருந்திருக்கும்.