மல்லிகைக்கு விடாத தண்ணி

நாலாங்கிளாஸ் தாண்டாமலே மூணு ஓட்டல் கட்டி எழுப்பினவன் நான். அப்பேர்ப்பட்டவனே நிலக்கோட்டை பஸ்ஸில் முன்சீட்டுப் புருசன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்.

"முன்னாடி ஓட்டலு கட்டுறேன்டி, பின்னாடி மல்லிகைத் தைலம் காய்ச்சுற கொட்டகை. ரெண்டு கழிவுத் தண்ணியும் ஒரே தொட்டியில சுத்தமாகி மேக்கால போயிரும்."

"மேக்க உங்க அக்கா கிணறுல்ல இருக்கு?"

"சுத்தமான தண்ணிதானடி, என்ன இப்ப?"

"அப்ப கிழக்க நம்ம மல்லிகைக்கே விடுங்க."

"அடியே, செடி அம்புட்டும் கருகிப்போகும்!"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் செம்பட்டி தாண்டியது. அவர் போனை எடுத்தார்.

"இஞ்சினியர் சார், தண்ணியக் கிழக்கால திருப்பிருங்க. ஆமா, என் மல்லிகைக்குத்தான். அது தாங்குற மாதிரி சுத்தம் பண்ணுங்க."