குழவிக்கல் கிடந்த குடில்

பணி நிறைவு பெறும் செவிலியர் திருமதி மரியபுஷ்பம் அம்மையார் அவர்களுக்கு, பூந்தமல்லி தாய் சேய் நல விடுதிப் பணியாளர்கள் அன்புடன் படித்தளிக்கும் பாராட்டு மடல்

அன்பின் அடையாளமே! அயராத உழைப்பின் அணையா விளக்கே! நூம்பலில் இருந்தும் காட்டுப்பாக்கத்தில் இருந்தும் திருவேற்காட்டில் இருந்தும் வயிறும் வலியுமாய் வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று வரவேற்பளித்த வாஞ்சையே! எங்கள் மரியபுஷ்பம் அம்மையே, வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு கம்பவுண்டர் உலகநாதன் தலையில் விழுந்தது. சட்டம் போட்டு மாட்டுவதற்கு நான்கு பத்தி போதும் என்றார் அச்சகத்துக்காரர். நான்கு பத்திக்குள் அடங்குகிற மனுஷியா இவர்? பெரிய சட்டமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டோம். இன்னொரு சிக்கலும் இருந்தது. நேருக்கு நேர் புகழ்ந்தால் அம்மையார் "வெந்நீர் கொதிக்குது" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஆகவே கொஞ்ச நேரத்துக்கு அவர் இங்கே இல்லாதது போலவே பாவித்து, அவையோருக்குச் சொல்வதாகச் சொல்லப் போகிறோம். அம்மையாரும் தயவுசெய்து இல்லாதது போலவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவையோரே, முப்பத்தோராண்டுப் பணியில் இந்த அம்மாள் ஏந்திய பிள்ளைகள் எத்தனை என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். எண்ணவில்லை என்பதுதான் அவருடைய பதில். அவர் ஏந்திய பிள்ளையே வளர்ந்து இங்கே வந்து பிள்ளை பெற்றுப் போயிருக்கிறது, அது மட்டும் தெரியும். இரவோ பகலோ கதவு தட்டும் சத்தம் கேட்டால் "யாரு" என்று கேட்க மாட்டார், திறப்பார். ஒருமுறை உலகநாதன் ஏன் என்று கேட்டபோது, "கேட்டுட்டுத் தொறந்தா அது விசாரணை, கேக்காம தொறந்தாத்தான் வரவேற்பு" என்றார். அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் இருக்கும். வலி எடுத்தவள் வருகிறாளோ இல்லையோ, வெந்நீர் காத்திருக்கும். விறகு வீணாகிறதே என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்களில் இந்த மடலை எழுதுகிறவரும் ஒருவர்.

இந்தக் காத்திருப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது மார்கழிக்கு முன்பே நம் முன்கூடத்தில் முளைக்கிற வைக்கோல் குடிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைக் கிறிஸ்தவர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். சாமி பிறக்கப் போகிறது, அதற்கு இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிற காலம். குடிலில் மாடு இருக்கும், ஆடு இருக்கும், அப்பனும் ஆத்தாளும் இருப்பார்கள். பிள்ளை மட்டும் இருக்காது. பிள்ளைக்கான இடம், இருபத்துநான்காம் தேதி வரை காலியாகவே கிடக்கும். வேதப்படி அது மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியாம். செய்து கொடுத்த ஆவடி தச்சர் சுலைமான் பாய், பிள்ளை படுக்கிறது தொட்டிலில்தானே என்று நல்ல தேக்கில் முழ நீளத்துக்கு ஓர் ஆடுகிற தொட்டிலே செய்துவிட்டார். அழகாக இருந்ததால் அம்மையாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேதான் வந்தது வினை. எண்பத்தாறாம் வருஷம் அது. நம் ஆயா தாயம்மா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முந்தின வருஷம் வரை நூம்பல் கழனிகளில் நாற்று நட்ட கை. அவருடைய மகள் சொர்ணத்துக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவது தங்கி, அந்த மாதம்தான் நாள் சொல்லியிருந்தது. துடைப்பமும் கையுமாக முன்கூடத்துக்கு வந்த தாயம்மா, தொட்டிலைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னா நர்ஸம்மா இது, புள்ள பெக்கற எடத்துல காலித் தொட்டிலு வச்சிக்கினு கீறீங்க? வவுத்துப் புள்ளக்காரிங்க வந்து போற எடம்."

"வரப்போறவருக்கு எடம் வச்சிருக்கோம் தாயம்மா. காலியா இருந்தாத்தான் வருகைக் காலம்."

"அதெல்லாம் உங்க சாமிக்கு. எங்கூட்ல காலித் தொட்டில ஆட்டக்கூட மாட்டோம்."

அம்மையார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், குடிலில் ஆடு மாடுகளுக்கு நடுவே மஞ்சள் பூசிய சின்ன அம்மிக் குழவி ஒன்று, மஞ்சள் துணிக்குள் ஒய்யாரமாகப் படுத்திருக்கிறது. நம் பக்கத்தில் புதுத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துமுன் குழவிக்கல்லைக் கிடத்துவது வழக்கம். கல்லைப் போலத் திடமாகப் பிள்ளை இருக்க வேண்டும், தொட்டில் ஒரு நாளும் காலியாகக் கூடாது என்பது எண்ணம். தாயம்மா வீட்டிலிருந்து சுமந்து வந்து வைத்திருக்கிறார். யார் வைத்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மையார் அதையும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். மஞ்சளைக் கழுவித் துடைத்து, அடுப்படி மேடையில் பத்திரமாக வைத்தார். தொட்டில் மறுபடி காலியாயிற்று. தாயம்மா அதைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே, ஏரி உடைந்ததோ என்று மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில் சொர்ணத்துக்கு வலி வந்தது. டாக்டரம்மா இருந்தார், அம்மையார் இருந்தார், செய்ய வேண்டியது ஒன்று விடாமல் செய்தார்கள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. பிள்ளை பிறந்தது, அழவில்லை. டாக்டரம்மா கையை எடுத்த பிறகும் அம்மையார் எடுக்கவில்லை. அந்தச் சின்ன மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தவரை டாக்டரம்மாதான் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

வெளியே வந்தபோது தாயம்மா கதவோரம் நின்றிருந்தார். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"கல்ல எடுத்துட்டீங்களே நர்ஸம்மா."

கம்பவுண்டர் உலகநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. கல்லுக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க வாயைத் திறந்தார். அம்மையார் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, தாயம்மாவைப் பார்த்து, "ஆமாம், நான்தான் எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். படித்தவர், விவரம் தெரிந்தவர், தன் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அந்த நிமிஷத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாள் தாயம்மா வேலைக்கு வரவில்லை. வார்டில் மற்றப் பிள்ளைகளின் அழுகுரல் சொர்ணத்தின் காதில் விழக்கூடாதென்று, அவளுடைய கட்டிலைத் தன் டூட்டி அறைக்கே நகர்த்தச் சொன்னார் அம்மையார். குடிக்க ஆளில்லாமல் பால் கட்டி வலித்த மார்புக்கு ஒத்தடம் கொடுத்தார், சிக்குப் பிடித்த தலையை வாரிவிட்டார், பேச்சுக் கொடுக்கவில்லை. ஜெபம் சொல்லவும் இல்லை. தாயம்மாவின் வேலையையும் அவரே செய்தார். அந்த வாரம் இந்த விடுதியின் தரையைக் கூட்டியது யார் என்று மேலிடத்துக்கு இன்றுவரை தெரியாது. இவ்வளவும் எதற்கு என்று உலகநாதன் கேட்டதற்கு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"சாமி வரப்போகுது, வரப்போகுதுன்னு தெனமும் சொல்லிக்கிட்டிருக்கேன். அந்த ரூமுக்குள்ள வரலைன்னா வேற எங்க வந்து என்ன, உலகநாதன்?"

உலகநாதன் கோயில் குளம் என்று சுற்றுகிறவர்தான். சாமியை இப்படி ஒருவர் கண்டிப்பாக எதிர்பார்த்து அவர் பார்த்ததில்லை.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் குடில் முன்னால் எல்லாரும் கூடினோம். வருஷா வருஷம் அம்மையார் பைக்குள்ளிருந்து பாலகன் பொம்மையை எடுத்துத் தொட்டிலில் வைப்பார், ஆளுக்கொரு கேக் துண்டு கிடைக்கும். அன்று பை தோளில் தொங்கியது, ஆனால் கையில் வேறொன்று இருந்தது. அடுப்படி மேடையிலிருந்த அதே குழவிக்கல். அவரே மஞ்சள் அரைத்துப் பூசி, மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பிள்ளைக்கென்று நான்கு வாரம் காத்திருந்த தொட்டிலில் அதைக் கிடத்திவிட்டு விலகி நின்றார். வேலைக்குத் திரும்பியும் அவரோடு ஒரு வார்த்தை பேசாதிருந்த தாயம்மா, வாசல் நிலையில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் கேக் ஞாபகம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தாயம்மா உள்ளே வந்தார். குனிந்து கல்லைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"புள்ளைய வைங்க நர்ஸம்மா. எவ்ளோ நேரம் பைக்குள்ளயே கீறது? மூச்சு முட்டாதா அதுக்கு?"

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கல்லை மடியில் போட்டுக்கொண்டு, அத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதார். அம்மையார் பாலகனைத் தொட்டிலில் வைத்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார், அவரும் அழுதார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அடக்க முடியவில்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

அந்த வருஷத்திலிருந்து நம் குடிலுக்கு ஒரு தனி வழக்கம். திருவருகைக் காலம் முழுக்கத் தொட்டிலில் குழவிக்கல் கிடக்கும். இருபத்துநான்காம் தேதி தாயம்மா கல்லை எடுப்பார், அம்மையார் பிள்ளையை வைப்பார். பார்க்க வந்த பங்குச் சாமியார் ஒருவர் இதென்ன கல் என்று கேட்டபோது, "அதுவும் காத்துக்கிட்டிருக்கு ஃபாதர்" என்றார் அம்மையார். அவரும் கல்லுக்கும் சேர்த்தே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

சொர்ணத்துக்கு அப்புறம் பிள்ளை பிறந்ததா என்று அவையில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. பிறக்கவில்லை. கதையாக எழுதியிருந்தால் பிறந்திருக்கும், இது மடல். அம்பத்தூரில் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், ஒவ்வொரு வருஷமும் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் இங்கே வந்து நிற்கிறாள். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அவள் தாயும் சரி என்ற பிறகுதான் இதை எழுதினோம். "எழுதுங்க அண்ணே, எம்புள்ள பேரும் எங்கயாச்சும் இருக்கட்டும்" என்றாள். பேர் வைக்க நேரமில்லாமல் போன பிள்ளை அது. ஆகவே பேரில்லாமலே இங்கே எழுதி வைக்கிறோம்.

அம்மையே, இல்லாதது போல் உட்கார்ந்திருந்தது போதும். இனித் தங்களிடமே பேசுகிறோம்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது வெந்நீர் போடுவது, கதவைக் கேட்காமல் திறப்பது, கட்டிலை நகர்த்துவது, அடுத்தவர் துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவது என்று வாழ்ந்து காட்டினீர்கள். எங்களில் பலர் தங்கள் கோயிலுக்கு வந்ததில்லை. ஆனாலும் தாங்கள் எதிர்பார்த்தவர் இந்த விடுதிக்குள் வந்து போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்றோடு தங்கள் பணி முடிகிறது. நாளை ஞாயிறு, திருவருகைக் காலத்தின் முதல் நாள். குடிலை யார் கட்டுவது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, தாயம்மா வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்து தானே கட்டத் தொடங்கினார். கல் எங்கே என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறோம், இதற்கு மேல் எங்களுக்கு எழுதத் தெரியாது:

"இந்த வருசம் கல்லு வாணாம். காலியாவே கெடக்கட்டும். நர்ஸம்மா வந்து புள்ளைய வைக்கிற வரிக்கும் நான் பாத்துக்கறேன்."

அம்மையே, நீடூழி வாழ்க, நோயின்றி வாழ்க. முழங்கால் வலிக்கு உலகநாதன் கொடுத்த தைலத்தைத் தேய்க்க மறக்காதீர்கள். பொம்மை தங்கள் பையில்தான் இருக்கிறது. இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம், திறந்தே வைத்திருப்போம். அடுப்பில் வெந்நீர் இருக்கும்.

அதுவரை காலித் தொட்டிலோடு காத்திருக்கும்,
தங்கள் விடுதிப் பணியாளர்கள்

பூந்தமல்லி
30-11-1996