காயலான் கடையிலிருந்து திரும்பிய சர்வர்

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். தடித்தவன் மடியில் போர்வை சுற்றிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது.

"ஆளு செத்துட்டான்னு எழுதிக் குடுத்ததே நான்தான். இப்ப நானே மடியில வச்சிக்கினு போறேன்" என்றான் தடித்தவன்.

எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே வந்தேன்.

"சர்வரு பழசு, கரண்டு தின்னுது, காட்டுக்கத்தலா கத்துதுன்னு காயலான் கடைக்குத் தள்ளிட்ட. நம்ம ஷிஃப்ட் லிஸ்ட் வெப்சைட்டு அதுலதான் ஓடுதுன்னு உனக்குத் தெரியாதா மச்சி?" என்றான் ஒல்லியானவன்.

"இத்தினி வருசத்துல ஒருத்தனும் ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கல. அப்ப அது வேலை செய்யுதுன்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?"

"காலைல தெரிஞ்சிதுல்ல. லிஸ்ட் பாக்க முடியாம மூணு ஷிஃப்ட்டு ஆளும் ஒண்ணா கேட்டுல வந்து நின்னாங்க."

"புதுசு வாங்கலாம்னுதான் சொன்னேன்."

"ஒரு லிஸ்ட்டக் காட்ட இதுவே ஜாஸ்தி. இதுல இன்னா சினிமாவா ஓட்டப்போற?"

"ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குள்ள இது ஓடலன்னா என்னயும் அதே கடைக்கு அனுப்பிடுவாரு மேனேஜரு."

"அங்க உன்ன எடுக்க மாட்டாங்க. இரும்பு மட்டும்தான் எடுப்பாங்க."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. தடித்தவன் பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, பாத்து ஓட்டுண்ணே. பெரியவரு வர்றாரு."