கோளாறு கையில்தான்

காலை எட்டரை மணிக்கு நான் மேசையைத் துடைக்கத் தொடங்குவேன். சுத்தமாக இருந்தாலும் துடைப்பேன். "உங்க கையில ஒரு துணியக் குடுத்தா தெருவையே துடைச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவீங்க" என்பாள் என் மனைவி. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். எல்லாம் துணியில்தான் ஆரம்பித்தது.

வங்கிப் பணம் ஏற்றிப்போகும் வண்டிகளுக்குக் காவலர்களை அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. காவலர்களின் பிஸ்டல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இரும்பு அலமாரி. என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. என் குறைகளில் அது ஒன்று.

பிஸ்டல் சிக்குவது இரண்டு விதம். புதுத் தோட்டா உள்ளே போகாது, அல்லது சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராது. உள்ளே போகவில்லையென்றால் பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின். வாய் வளைந்திருக்கும், ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். வெளியே வரவில்லையென்றால் கொக்கியைப் பார்க்க வேண்டும். கூட்டின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற நகம் அது. உண்மையிலேயே விரல் நகம் அளவுதான். கொக்கியும் சரியாக இருந்தால், சுடுகிறவனின் கை. மணிக்கட்டு தளர்ந்தால் மேலே இருக்கும் ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போகாது. கூடு வாசலிலேயே நிமிர்ந்து நின்றுவிடும்.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தோட்டாவை மாற்றிச் சுட்டுப் பார். பிறகு மேகசினை மாற்று. பிறகு ஆளை மாற்று. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுகிறவன் மடையன். புதிதாக வரும் காவலர்களிடம் இதை நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்வேன்.

என் தங்கையின் கணவன் எங்களிடம் காவலன். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரு நாள் சுடும் பயிற்சியின்போது அவன் பிஸ்டல் சிக்கியது. காலிக் கூடு வெளியே வரவில்லை. தோட்டாவை மாற்றினேன், சிக்கியது. மேகசினை மாற்றினேன், சிக்கியது. இனி ஆளை மாற்ற வேண்டும். ஆள் நான்தான்.

பிஸ்டலைக் கையில் வாங்கினேன். உள்ளே ஒரே கரி. அழுக்குப் பொருளைப் பிடிக்க எனக்கு வராது. அவனோடு பேசிக்கொண்டே தோளில் கிடந்த துணியை எடுத்து உள்ளே துடைத்தேன். கொக்கிக்கு அடியில் பிரஷ் விட்டேன். ஒரு சொட்டு எண்ணெய். பிறகு ஒரு மேகசின் முழுவதையும் சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இரண்டை மாற்றியிருந்தேன். ஆளையும் அழுக்கையும். அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. மடையன் என்று அத்தனை வருடமாக யாரைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அவர் நேரில் வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, துப்பாக்கி தங்கம். கோளாறு உங்க கையில."

"இறுக்கித்தான் புடிச்சேன் மச்சான்."

"இதுக்குப் பேரு புடியா? மணிக்கட்டு வாழைத்தண்டு மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அவன் பெயரே வாழைத்தண்டு ஆகிவிட்டது. அவனுடைய வண்டி ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"டாக்டரே, அந்த மனுஷன் ஸ்டெப்னி டயர ஒத்தக் கையில தூக்கி மாட்டுறாரு. அவரு கையா வாழைத்தண்டு?"

"நீ ரோட்டப் பாரு ரேடியோ. துப்பாக்கிய நான் பாத்துக்கறேன்."

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நல்ல நாள் அது.

மறுநாள் அந்த பிஸ்டலை முழுதாகப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொக்கியின் நுனி தேய்ந்து, ஓரத்தில் சிறிது உடைந்திருந்தது. துடைத்து வைத்தால் பிடிக்கும். கொஞ்சம் கரி சேர்ந்தால் வழுக்கும். அவன் கையில் ஒன்றும் இல்லை. புதுக் கொக்கி என் இழுப்பறையிலேயே இருந்தது. டீ ஆறுவதற்குள் மாற்றிவிடக்கூடிய வேலை.

ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மாற்றினால் சிக்குவது அன்றைக்கே நின்றுவிடும். நேற்று கை, இன்று சரி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். டாக்டருக்கு நோய் தெரியவில்லை என்பார்கள். ரேடியோ அதை எல்லா வண்டியிலும் ஒலிபரப்புவார்.

தப்பை ஒப்புக்கொள்ளப் பயப்படுகிற ஆள் இல்லை நான். அதற்கு ஒரு முறை வேண்டும் என்கிறவன். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். முதலில் அவனுக்கு மணிக்கட்டுப் பயிற்சி. ஈரத் துண்டைப் பிழிய வேண்டும், தினமும் காலையும் மாலையும். சில வாரம் போனதும் சத்தமில்லாமல் கொக்கியை மாற்றிவிடுவேன். பயிற்சியால் குணமானதாகிவிடும். அவனுக்குக் கை பலம், துப்பாக்கிக்குப் புதுக் கொக்கி, எனக்கு என் சொல். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வீட்ல இருக்கற துண்டெல்லாம் நார் நாராக் கிழிஞ்சு போச்சு. இவரு இன்னும் எவ்வளவு நாள் பிழியணும்?"

"கொஞ்ச நாள்தாம்மா. நல்ல முன்னேற்றம் தெரியுது."

முன்னேற்றம் தெரியத்தான் செய்தது. நான்தான் காட்டிக்கொண்டிருந்தேன். சுடும் பயிற்சிக்கு முன்னால் அவன் பிஸ்டலை நன்றாகத் துடைத்துக் கொடுத்தால் அன்று சிக்காது. துடைக்காமல் கொடுத்தால் சிக்கும். ஒரேயடியாகக் குணமானால் சந்தேகம் வரும் என்று ஒரு வாரம் துடைத்தேன், ஒரு வாரம் விட்டேன். எப்போது சிக்க வேண்டும் என்பதை என் துணி முடிவு செய்தது. வேலையில் இவ்வளவு நுணுக்கமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

ஒரு தடவை அவன் என் அறைக்கு வந்து நின்றான். உட்காரவில்லை.

"மச்சான், வேற துப்பாக்கி ஒண்ணு குடுங்களேன். சும்மா ஒருநாள் பாப்போம். ஒண்ண மட்டும் மாத்திப் பாக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க."

என் முறையில் நான் விட்டுவிட்ட படியை அவன் எனக்கு எடுத்துக் கொடுத்தான். அலமாரியில் உபரியாக இரண்டு பிஸ்டல் இருந்தன. துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தேன்.

"துப்பாக்கிய மாத்துனா கைப்பழக்கம் கெட்டுடும் மாப்பிள்ளை. பொறுமையா இருங்க."

அவன் சரி என்றான். அவன் எப்போதும் சரி என்கிறவன். அதனால்தான் தங்கையை அவனுக்குக் கொடுத்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். சிக்கினால் மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழுத்து விடு, மறுபடி சுடு, யோசிக்காதே. எல்லாக் காவலர்களுக்கும் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். அவனுக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னேன். முதலில் மணிக்கட்டைச் சரிசெய், பிடியைப் பார், அப்புறம் ஸ்லைடைத் தொடு. கை என்று சொல்லிவிட்ட பிறகு அப்படித்தானே சொல்ல முடியும்.

சம்பவத்துக்கு முந்தின நாள் பயிற்சி. எல்லோரும் பிஸ்டலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் துடைத்தேன். அவனுடையதைத் துடைக்கவில்லை. அது சிக்க வேண்டிய வாரம். காலையில் வண்டி கிளம்பும் என்பது தெரியாதா என்றால், தெரியும். அந்த வண்டி வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் போய்வந்துகொண்டிருந்தது.

வங்கிக்குப் பின்புறத் தெருவில் இரண்டு பேர் வழிமறித்தார்கள். மாப்பிள்ளை ஒரு தடவை சுட்டான். ஒருவனுக்குத் தொடையில் பட்டது. காலிக் கூடு வெளியே வரவில்லை. எதிர்க்கடை கேமராவில் நீங்களும் பார்த்தீர்கள். அவன் ஸ்லைடை இழுக்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்க்கிறான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மறுபடி வைக்கிறான். நல்ல மாணவன். அதற்குள் மற்றவன் கண்ணாடி வழியாக ரேடியோவைச் சுட்டுவிட்டான்.

தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்ய, பிஸ்டல் முதலில் என்னிடம்தான் வந்தது. அறையில் நான் மட்டும். கொக்கியை மாற்றினேன். துப்பாக்கியில் குறையில்லை, பிடி தளர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் நிபுணர் திறமைசாலி. தேய்ந்த துப்பாக்கியில் கொக்கி மட்டும் கல்யாண மாப்பிள்ளை போல மின்னுகிறது என்றாராம். பழையதை எடுத்துப் புதியதைப் போடுகிற அவசரத்திலும் நான் சுற்றியிருந்த இடத்தைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறேன். பழைய கொக்கியையும் எறியவில்லை. எந்தப் பாகத்தையும் எறிய எனக்கு மனது வராது. இந்தக் குணங்களை வைத்துக்கொண்டு ஒருவன் சாட்சியத்தை மறைக்கக் கிளம்பக் கூடாது. இதோ, உங்கள் மேசையிலேயே வைக்கிறேன்.

மாப்பிள்ளை என் அறிக்கையைப் படித்தான். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றானாம். ரேடியோவின் வீட்டுக்குப் போய், என் கையாலதான் உங்க புருஷன் போனாரு என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வலது கையைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை என்று தங்கை சொல்கிறாள். குழந்தையை அந்தக் கையால் தொடுவதில்லையாம்.

எனக்கு வருத்தம்தான். ஆனால் நடந்ததை அளந்து பார்க்க வேண்டும். சுட்டது திருடன். நான் செய்தது ஒரு பழுதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. அடுத்த மாதம் எப்படியும் மாற்றியிருப்பேன். தேதிகூட மனதில் இருந்தது. யாரும் அடிக்காமல், மிரட்டாமல் நானே வந்து இவ்வளவையும் சொல்லிவிட்டேன். சொன்னேன் அல்லவா, தப்பை ஒப்புக்கொள்ளப் பயப்படுகிற ஆள் இல்லை நான். அவன் கையில் ஒரு குறையும் இல்லை. இதை நீங்கள் அவனிடம் சொல்லிவிட்டால் போதும்.

அதிகாரி பேனாவை மூடினார். கொக்கியை எடுத்து ஓர் உறையில் போட்டார்.

"அவரு வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு. நீங்களே சொல்லிடுங்க. கூப்பிடட்டுமா?"