துஷ்டி கேட்க மறந்த ஊர்

தலைமை நாற்காலியில் தன் பொறுமையையும் சேர்த்து அமர்த்தியிருக்கும் அரிசி ஆலை அதிபர் கடற்கரை அண்ணாச்சி அவர்களே! எங்கள் கல்லூரித் தாளாளர், ஐயா வைத்தீஸ்வரன் அவர்களே! ஆலங்குளத்திலிருந்தும் வடகரையிலிருந்தும் கிடந்த வேலையைக் கிடந்தபடி போட்டுவிட்டு, சாரலில் நனைந்து இந்தக் குற்றால மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே! ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே எனக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே! கடல் கடந்து வந்து எங்களிடம் கல்வி கேட்கும் கண்மணிகளே! உங்கள் எல்லோருக்கும் ஆனந்தவள்ளியின் வணக்கம். இத்தனை வருடமும் நிமிர்ந்து நின்று சொன்ன வணக்கம்; இன்று குனிந்து சொல்லும் வணக்கம்.

கை தட்ட வேண்டாம் அம்மா. நான் அடக்கம் காட்டவில்லை. பேசி முடிக்கும்போது தட்டியதற்காக நீங்களே வருத்தப்படுவீர்கள்.

அழைப்பிதழில் என்ன போட்டிருக்கிறது? 'வெளிநாட்டு மாணவர்களின் அன்னை, பேராசிரியை ஆனந்தவள்ளி எழுதிய கையேடு வெளியீடு.' அன்னை! யார் போட்டது? நான்தான். அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கு அது வேண்டியதுதான்.

ஆறு வருடமாக, வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஊரில் எப்படி வாழ்வது என்று வகுப்பு. அதைத்தான் அறுபத்து நான்கு பக்கத்தில் புத்தகமாக்கியிருக்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? எழுதியிருக்கிறேன். அருவியில் எதை உடுத்திக் குளிக்க வேண்டும்? எழுதியிருக்கிறேன். 'சாப்ட்டாச்சா' என்று ஒருவர் கேட்டால் அது சாப்பாட்டுக்கு அழைப்பதல்ல, வெறும் விசாரிப்பு என்பதைக்கூட எழுதியிருக்கிறேன். கண் கலங்கினால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

இருபத்தேழாம் பக்கத்தை மட்டும் வாசிக்கிறேன். 'ஒருவர் விசேஷத்துக்கு அழைத்தால் வரவில்லை என்று சொல்லாதே, அழைத்தவர் மனம் நோகும். சுப வீட்டில் சாவுப் பேச்சைப் பேசாதே. துஷ்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டுக்காரர் சுப வீட்டுக்குப் போகக் கூடாது.' மூன்று வரி. நறுக்கென்று எழுதிவிட்டோம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்ட மூன்று வரி.

போன மாதம் தென்காசியில் எங்கள் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. காலை ஆறரைக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். என் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையை நிறைகுடம் தூக்க அழைத்திருந்தேன். ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு நாடு, அங்கிருந்து வந்தவள். மூன்று வருடத்தில் நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசுகிறாள். அவளை ஏன் அழைத்தேன்? பாசமா? பாசமும்தான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளை பட்டுச்சேலை கட்டி நிறைகுடத்தோடு என் வீட்டு வாசலில் நின்றால், அந்தப் போட்டோவைப் பார்த்து ஊரே பேசும். அதற்காகத்தான் அழைத்தேன்.

ஆறு மணிக்கு ஆளைக் காணோம். போன் போட்டேன். "ஏட்டி, எங்கன இருக்க? நேரம் போய்க்கிட்டு இருக்குல்லா?"

"டீச்சர்..." என்றாள். "டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"எல்லாம் வந்து பேசிக்கலாம், மொதல்ல வண்டியப் பிடிச்சு வா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் வந்தாள். குடத்தைத் தூக்கினாள். வலது காலை எடுத்து வைத்து என் வீட்டுக்குள் நடந்தாள். கண் சிவந்திருந்தது, ஹோமப் புகை என்று நினைத்தேன். "சிரி பிள்ள, போட்டோக்கு!" என்றேன். சிரித்தாள். என்னைப் பெற்றெடுத்த தாய்மார்களே, அன்று விடியற்காலையில்தான் அவளுடைய அப்பா இறந்துபோன செய்தி வந்திருக்கிறது. அந்தச் செய்தியை மடியில் கட்டிக்கொண்டு, என் கேமராவுக்காக அந்தப் பிள்ளை சிரித்திருக்கிறாள்!

நான்கு நாள் கழித்து, விடுதிக் காப்பாளர் ஹாஜரா பீவி அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "ஒங்க வீட்டு விசேஷத்தன்னைக்குத்தான் அந்தப் புள்ளைக்கு வாப்பா மவுத்து. ராப்பகலா நான்தான் கூட இருக்கேன். நீங்க ஒரு எட்டு வந்து பாக்கலியே டீச்சரம்மா?" என்று கேட்டார்கள்.

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா? 'ஐயோ பாவம்' என்று வந்ததா? 'அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா' என்று வந்ததா? "அய்யய்யோ, அவ நிறைகுடத்தத் தூக்குனாளே!" என்று வந்தது.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். ஒரு மகளுக்கு அப்பா போன சேதி கேட்டு, என் வீட்டுக்கு என்ன கேடு வருமோ என்று பதறியவள் நான். வெட்கமாக இருக்கிறது.

அத்தோடு நின்றேனா? மறுநாளே ஐயரை வரச்சொன்னேன். வீடெல்லாம் தீர்த்தம் தெளிக்கச் சொன்னேன். அவர் மாவிலையை எடுத்துத் தெளித்துக்கொண்டிருந்தபோது வாசல் கேட் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அவள் என்னிடம்!

நான் என்ன சொன்னேன்? "அங்கனயே நில்லு பிள்ள, இந்தா வாரேன்."

நின்றாள். தீர்த்தத்தைப் பார்த்தாள். எதற்குத் தெளிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சனிக்கிழமை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நான்தானே! நல்ல வாத்தியார், நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நான் வாசலுக்குப் போனபோது சொன்னாள்: "மன்னிச்சிருங்க டீச்சர். துஷ்டி வீட்டுக்காரவ வரக்கூடாதுன்னும் சொன்னீய. கூப்ட்டா வரமாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னும் சொன்னீய. ரெண்டுல எது பெருசுன்னு தெரியல. கேக்கத்தான் நெனச்சேன். நீங்க போன வச்சிட்டீய." பழத்தைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என்ன தலைவரே, மணியடிக்கிறீர்களா? இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் அண்ணாச்சி. ஆறு வருடமாக வாய்க்கு வந்ததையெல்லாம் பேசக் கேட்டீர்கள். இன்று உண்மையைப் பேச ஐந்து நிமிடம் தாருங்கள்.

நான் மட்டுமா என்று இப்போது உங்களைக் கேட்கிறேன். நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் சும்மா இருப்போமா? ராயகிரியில் ஒருவர் இறந்தால் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறிப் போய், எப்படி நடந்தது என்று துஷ்டி கேட்கிறோமே! பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி வீடாக இருந்தாலும் அந்த வாசலில் போய் உட்காருகிறோமே! காதுகுத்துக்கும் கடைத் திறப்புக்கும் இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஃபிளெக்ஸ் போர்டு அடித்தோமே, அந்த வீடுகளில் ஒரே ஒரு வீட்டிலிருந்தாவது அவளிடம் துஷ்டி கேட்கப் போனோமா? கொண்டாட்டத்துக்கு வேண்டும், கண்ணீருக்கு வேண்டாம். மாலை போட வேண்டும். மடியில் சாய்க்க வேண்டாம். இதற்குப் பெயர் விருந்தோம்பலா?

பதினெட்டு நாள் ஒளிந்து திரிந்துவிட்டு, நேற்றுத்தான் விடுதிக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாள். இன்னும் ஒரு பருவப் படிப்பு பாக்கி. "திரும்பி வருவியா?" என்று கேட்டேன். "தெரியல டீச்சர்" என்றாள். "எங்க ஊர்லயும் சாவுன்னா தெருவே வந்து தரையில உக்காரும். இங்கயும் அப்படித்தான்னு நீங்க சொன்னீய. அதான் மூணு நாளு ரூம் கதவத் தொறந்தே வச்சிருந்தேன்" என்றாள்.

கதவைத் திறந்தே வைத்திருந்தாளாம்.

"நடந்ததை மேடையில் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க. என் பேரு வேண்டாம். எங்கப்பா பேரச் சொல்லுங்க. இந்த ஊர்ல ஹாஜராம்மா தவிர ஒருத்தரும் அவர் பேரு என்னன்னு கேக்கல" என்றாள்.

தாளாளர் ஐயா, இந்தப் புத்தகத்தை இன்று வெளியிட வேண்டாம். கட்டைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துப் போகிறேன். அந்தப் பொன்னாடையை மடித்து வைத்துவிடுங்கள் அண்ணாச்சி, அது என் தோளில் நிற்காது. கேமராக்காரத் தம்பி, தயவு செய்து கேமராவைக் கீழே இறக்குங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பெண்கள் விடுதிக்கு வாருங்கள் தாய்மார்களே. பூங்கொத்து வேண்டாம். 'போகாதே' என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். போவதும் வருவதும் அவள் இஷ்டம். துஷ்டி வீட்டில் எப்போதும் செய்வதைச் செய்யுங்கள். தரையில் உட்காருங்கள். என்ன செய்தது, எப்படி நடந்தது என்று கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள். நானும் வருகிறேன். அவள் வாசலில் நில்லு என்றால், வாசலிலேயே நிற்கிறேன்.

இப்போது எல்லோரும் எழுந்திருக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். பெரியவர்கள் முடிந்தால் எழுந்திருங்கள்.

அவர் பெயர் லாமெக். வயது ஐம்பத்து நான்கு. மலாவி நாட்டில் ஓர் ஏரிக்கரைச் சாலையில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், நம்மை நம்பி ஒற்றை மகளை அனுப்பியவர்.

இவ்வளவையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. எழுந்து நின்றதற்கு இன்னொரு நன்றி. இந்த மேடையில் என் கடைசி வணக்கம் இங்கே இருக்கும் யாருக்கும் இல்லை.

லாமெக் அண்ணாச்சி, வணக்கம். உங்கள் மகளிடம் நாங்கள் துஷ்டி கேட்கவில்லை. எங்களை மன்னித்துவிடுங்கள்.